மேற்குச் சுவரில் கண்ணாடி வேண்டாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், எங்கள் சாட்ஸ்வர்த் பகுதியின் சமூக மண்டபத்துக்குப் புது வரைபடம் போட்டிருக்கும் கட்டடக்கலை நிறுவனத்தாருக்கு வணக்கம்.

கூட்டத்தில் நீங்கள் காட்டிய படங்களில் ‘பசுமைக் கட்டடம்’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. கூரை நிறைய சோலார் தகடு, கீழே பேட்டரி, உள்ளே வரிசையாக ஏசி. 2023 முழுக்க மின்வெட்டில் தவித்த ஊர் இது, சோலார் வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லமாட்டோம். ஆனால் மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடியை நிறுத்திவிட்டு, அதன் வழியே வரும் சூட்டை விரட்ட ஏசி, ஏசியை ஓட்ட சோலார் என்று போனால் அது எப்படிப் பசுமை ஆகும்?

டர்பன் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 30 பாகை தெற்கே, இங்கே டிசம்பர் கோடை, ஜூன் குளிர்காலம். டிசம்பர் நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட உச்சியில். ஜூனில் வடக்கே 37 பாகை உயரம்தான். மண்டபத்தின் நீளப் பக்கத்தை வடக்குப் பார்க்கத் திருப்பி அளவாகத் தாழ்வாரம் இறக்கினால், கோடையில் உச்சி வெயில் சன்னலில் விழாது, குளிர்கால வெயில் தாராளமாக உள்ளே வரும். மேற்கு வெயிலிடம் இது பலிக்காது, சாயங்காலம் அது சாய்ந்து வந்து தாழ்வாரத்துக்கு அடியிலேயே புகுந்துவிடும். தைப்பூசம் இங்கே வருவதே கொதிக்கிற கோடையில்தான். காவடி முடிந்து களைத்து வந்து உட்காரும் பெரியவர்களை அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்து யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் காற்று. இந்தக் கரையில் பெரும்பாலும் வீசுவது வடகிழக்குக் காற்று, இல்லையென்றால் தென்மேற்கு. நீங்களோ சமையற்கட்டை வடகிழக்கு மூலையில் வைத்திருக்கிறீர்கள். கல்யாணத்தன்று அங்கே நாலைந்து அண்டா ஒரே நேரத்தில் அடுப்பில் இருக்கும், அந்த அனலும் புகையும் தாளிப்பு நெடியும் காற்றோடு நேரே மணமேடைக்கு வரும், உடனே யாராவது எழுந்துபோய் எல்லாச் சன்னலையும் சாத்திவிட்டு ஏசியைப் போடுவார்கள். சமையற்கட்டைத் தென்கிழக்குக்கு மாற்றுங்கள். அக்கினி மூலை என்று எங்கள் பெரியவர்கள் கேட்டதும் அதைத்தான். கூட்டத்தில் அதை வெறும் சாஸ்திரப் பேச்சாக எடுத்துக்கொண்டீர்கள்.

பழைய மண்டபத்தின் செங்கல் சுவர்கள் உறுதியாக இருக்கின்றன. முடிந்தவரை அவற்றை வைத்தே கட்டுங்கள். சிமெண்டு செய்யும்போது எரிபொருளிலிருந்து மட்டுமல்ல, சுண்ணாம்புக்கல்லிலிருந்தே கரியமில வாயு வெளியேறுகிறது, இடித்துவிட்டுப் புதிதாக ஊற்றும் கான்கிரீட்டுக்கும் கணக்கு உண்டு.

தண்ணீரையும் சொல்லியாக வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளம் இந்த மாகாணத்தில் 400க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது, டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. நம் கூரை 400 சதுர மீட்டர். ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை என்றால் 4 லட்சம் லிட்டர், சேதாரம் போனாலும் 3 லட்சம் தேறும். வரைபடத்தில் மழைநீர் பிடிக்க ஒரு ஜோஜோ பிளாஸ்டிக் தொட்டிகூட இல்லை. வாகன நிறுத்துமிடம் முழுக்கக் கான்கிரீட், அதில் விழும் மழையெல்லாம் சரிவில் இறங்கிக் கீழ்வீடுகளுக்குள் போகும்.

வருகிற சனிக்கிழமை மண்டபத்தில் ஒரு கல்யாணம் இருக்கிறது. மத்தியானம் மூன்று மணிக்கு வரைபடத்தோடு வாருங்கள், அடுப்பு எரியும்போதே மூலை மூலையாக நின்று பார்க்கலாம். நிர்வாகக் குழுவிடம் சொல்லிவைத்திருக்கிறோம், சாப்பாடும் இங்கேதான்.