விளக்கெண்ணெய்க்கு அளவும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் வீட்டு வைத்தியப் பக்கத்தில் விளக்கெண்ணெயின் நன்மைகளைப் படித்தேன். மலச்சிக்கல் முதல் முடி உதிர்வு வரை எல்லாவற்றுக்கும் கைகண்ட மருந்து என்று எழுதியிருந்தீர்கள். எவ்வளவு கொடுப்பது, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்ற விவரம் ஒரு வரிகூட இல்லை. விளக்கெண்ணெய் நல்ல மருந்துதான், மறுக்கவில்லை. மருந்து என்றால் அளவு சொல்லித்தானே ஆக வேண்டும்?

முதலில் எந்த எண்ணெய் என்று பார்ப்போம். மளிகைக் கடையில் பூசைச் சாமான்களோடு அடுக்கியிருக்கும் பாட்டிலில் ‘தீபம் ஏற்ற மட்டும்’ என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதில் வேறு எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கலாம். குடிக்கவும் ஆகாது, குழந்தைக்குத் தேய்க்கவும் ஆகாது. உள்ளுக்குச் சாப்பிட, மருந்துக் கடையில் ‘ஐ.பி.’ (இந்திய மருந்துத் தர நூலின்படி தயாரித்தது) என்று அச்சிட்டு விற்கும் பாட்டிலையே கேட்டு வாங்குங்கள். கொட்டமுத்தை, அதாவது ஆமணக்கு விதையை, வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு எண்ணெய் எடுக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்து, சடசடப்பு அடங்கும்வரை மறுபடியும் காய்ச்ச வேண்டும். ஈரம் தங்கினால் எண்ணெய் சீக்கிரமே சிக்கு வாடை அடித்துக் கெட்டுவிடும். விதையிலுள்ள ரிசின் என்ற கொடிய நஞ்சு எண்ணெயில் கரையாது, புண்ணாக்கிலேயே தங்கிவிடும். அதனால் அடியில் மண்டி நிற்கும் கலங்கல் எண்ணெயை யாருக்கும் உள்ளுக்குக் கொடுக்காதீர்கள்.

இனி பேதிக்குக் கொடுப்பது. பெரியவர்களுக்கு 15 மில்லி, அதாவது மூன்று தேக்கரண்டி, போதும். 60 மில்லி வரை கொடுக்கலாம் என்று மருந்து நூல்களில் இருந்தாலும் வீட்டில் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. காலையில் வெறும் வயிற்றில், வெதுவெதுப்பான சுக்குத் தண்ணீரோடு குடித்தால் குமட்டல் குறையும். இரண்டு மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் போகும். அரை மணி நேரத்தில் ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொரு மடக்கு குடிப்பவர்கள்தான் மாலையில் சுருண்டு படுக்கிறார்கள். படுக்கப் போகும்போது குடித்தால் ராத்திரித் தூக்கம் போய்விடும். அன்றைக்குக் கஞ்சி, மோர், உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று நீராகாரம் நிறையப் போக வேண்டும். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளுக்கும் எண்ணெய்க்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் மாத்திரை உடம்பில் சேராமலே வெளியேறலாம். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுக்கும் வயதானவர்களுக்குப் பேதியும் சேர்ந்தால் பொட்டாசியம் இறங்கித் தலைசுற்றி விழுவார்கள். அவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. வாரக்கணக்கில் நீடிக்கும் மலச்சிக்கலுக்கும் இது மருந்தல்ல. கடுமையான வயிற்றுவலியோடு வாந்தியோ காய்ச்சலோ இருந்தால் குடல்வால் அழற்சியாக இருக்கலாம். அந்த நேரத்தில் பேதிக்குக் கொடுத்தால் குடல்வால் வெடிக்கக்கூடும்.

இது வேலை செய்யும் விதம் தெரிந்தால் கர்ப்பிணிகளுக்கு ஏன் ஆகாது என்பதும் விளங்கும். குடலில் எண்ணெய் செரிக்கும்போது ரிசினோலியிக் அமிலம் பிரிகிறது. அது செல்களில் உள்ள ஈ.பி.3 என்ற ஏற்பியை (ரிசெப்டர்) தூண்டிக் குடல் தசையைச் சுருங்க வைக்கிறது என்று 2012-ல் ஜெர்மனி விஞ்ஞானிகள் எலிகளை வைத்து நிரூபித்தார்கள். அதே ஏற்பி கருப்பையிலும் இருக்கிறது. குடலை முறுக்குகிற எண்ணெய் கருப்பையையும் முறுக்கும். ‘ஒன்பதாம் மாதம் ஒரு கரண்டி கொடுத்தால் சுகப்பிரசவம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிரசவ வலியை வரவழைப்பது ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டிய காரியம்.

பிள்ளைகளுக்குப் பூச்சி விழ மாதாமாதம் விளக்கெண்ணெய் கொடுப்பதையும் உங்கள் பக்கம் புகழ்ந்திருந்தது. பேதியில் ஒன்றிரண்டு புழு வந்து விழலாம், ஆனால் விளக்கெண்ணெய் புழுவைக் கொல்லாது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 குடற்புழு நீக்க நாட்களில் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் இலவசமாகவே அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள். இரண்டு வயதுக்கு மேல் 400 மில்லிகிராம், ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் அதில் பாதி. ஒரே வேளைதான்.

எனக்கு மிகவும் பயம் தருவது பச்சைக் குழந்தை விஷயம். காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊதுகிறார்கள். அழுகிற பிள்ளையின் வாயில் எண்ணெய் ஊற்றிய பாலாடையை வைத்துச் சாய்க்கிறார்கள். தண்ணீர் மூச்சுக்குழலுக்குப் போனால் இருமல் வந்து வெளியே தள்ளும். எண்ணெய் வழுவழுப்பாக இருப்பதால் இருமலைக்கூடத் தூண்டாமல் நுரையீரலில் இறங்கிவிடும். அங்கே கரையவும் செய்யாது. நாள்கணக்கில் மூச்சிரைப்பும் காய்ச்சலுமாக இழுத்துக்கொண்டு போகும், ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் சட்டென்று கேட்காது. குழந்தையின் மூக்கு, காது, கண் எதிலும் எண்ணெய் விடக் கூடாது. உதிராத தொப்புள்கொடியிலும் வைக்காதீர்கள், அது காய்ந்து தானாக விழ வேண்டும்.

பெரியவர்கள் தொப்புளில் எண்ணெய் விட்டால் கண் குளிரும், கர்ப்பப்பை சுத்தமாகும் என்கிறார்களே, அதற்கும் ஆதாரமில்லை. பிறந்த பிறகு தொப்புளுக்குள் இருந்த ரத்தக்குழாய்கள் மூடி நார்போல் ஆகிவிடுகின்றன. விட்ட எண்ணெய் அந்தத் தோலோடு சரி. கண்ணில் விடுவதும் அப்படித்தான். கண் வறட்சிக்கான சில சொட்டு மருந்துகளில் ஆமணக்கெண்ணெய் இருக்கிறது, உண்மை. ஆனால் அது கிருமி நீக்கி, தண்ணீரோடு பால்போலக் கலக்கும்படி செய்த எண்ணெய். அடுப்படிப் பாட்டிலில் இருப்பது அதுவல்ல.

தலைக்குத் தேய்ப்பவர்கள் ஒரு பங்கு விளக்கெண்ணெய்க்கு மூன்று பங்கு தேங்காய் எண்ணெய் கலந்து கொஞ்சமாகத் தேய்க்கலாம். முடியை வழுவழுப்பாக வைக்கும். முடியை வளர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. நீளமான முடியில் அப்பித் தேய்த்துவிட்டு உச்சியில் குவித்துக் கசக்கி அலசினால் சடைபிடித்துக் கல்லாகிவிடும். இந்தியாவில் ஓர் இளம்பெண்ணுக்கு இப்படி ஆகி, முடியை வெட்டவேண்டி வந்ததை 2017-ல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்திருக்கிறது.

தயங்காமல் நான் சொல்வது பித்தவெடிப்புக்குத்தான். ராத்திரி பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் காலை ஊறவைத்து, தடித்த தோலை மெதுவாகத் தேய்த்து, ஈரம் முழுக்க உலரும் முன்பே நாலைந்து சொட்டு தடவிப் பருத்திக் காலுறை போடுங்கள். ஈரத்தைப் பூட்டி வைப்பதுதான் எண்ணெயின் வேலை, அதனால் காய்ந்த காலில் தடவினால் பாதிப் பலன்தான். காலுறை இல்லாமல் தரையில் நடக்காதீர்கள், வழுக்கும். ரத்தம் கசியும் வெடிப்பு என்றாலோ சர்க்கரை நோய் இருந்தாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

குழந்தைகளைப் பற்றிய பகுதியையாவது அடுத்த இதழில் பெரிய எழுத்தில் வெளியிட வேண்டுகிறேன். பிள்ளை பெற்றவர்களுக்கு எண்ணெய்க் குளியல் சொல்லித்தரும் பாட்டிமார் விரும்பிப் படிக்கும் பக்கம் உங்களுடையது.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
நாமக்கல் மாவட்டம்