நல்ல கையில் ஓர் உறை

அன்புத் தோழிக்கு,

நலம். நீயும் நலம்தான் என்பது உன் கடிதத்திலேயே தெரிகிறது. உடம்பு சரியில்லாதவள், மகள் வேலையை விட்டுவிட்டு மறுபடி படிக்கப் போகிறேன் என்கிறாள் என்று நான்கு பக்கம் புகார் எழுத மாட்டாள்.

இத்தனை மாதம் நான் எழுதாததற்குக் காரணம் அப்பா. பக்கவாதம் வந்து வலது கை தளர்ந்துவிட்டது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது நடக்கிறார், எல்லோரையும் அதட்டுகிறார். பயப்படாதே. பெரியக்காவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு, போனில் அழுதால் அப்பாவுக்குக் கோபம் வரும்.

அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. செருப்பை எந்த மூலையில், எந்தப் பக்கம் பார்த்து விட வேண்டும் என்பதற்கே சட்டம் வைத்திருந்தவர். வலது கை தளர்ந்ததும் எல்லா வேலையையும் இடது கைக்கு மாற்றிக்கொண்டார். பொத்தான் போடுவது, பேப்பர் புரட்டுவது எல்லாம் அதில்தான். எங்களுக்கு ஒரே பெருமை. பிசியோதெரபிக்கு வரும் பெண்ணுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. ஒருநாள் தடித்த உறை ஒன்றைக் கொண்டுவந்து அவருடைய இடது கையில், நன்றாக இருக்கும் கையில், மாட்டிவிட்டாள். தூங்கும் நேரம் போக, பெரும்பாலும் அதைக் கழற்றக் கூடாதாம். “இருக்கிற ஒரு கையையும் கட்டிப்போடுகிறாயா?” என்று அப்பா கத்தியதில் வீடே அதிர்ந்தது.

அந்தப் பெண் அசரவில்லை. உட்கார்ந்து விளக்கினாள். பக்கவாதம் வந்த புதிதில் தளர்ந்த கையை அசைத்துப் பார்ப்பார்கள், வராது. நல்ல கை உடனே உதவிக்கு வந்துவிடும். பிறகு தளர்ந்த கைக்குக் கொஞ்சம் தெம்பு திரும்பினாலும் அதைப் பயன்படுத்தும் பழக்கமே விட்டுப்போயிருக்கும். எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை முதலில் குரங்குகளிடம் கவனித்தார். அதிலிருந்துதான் இந்தச் சிகிச்சை பிறந்தது. நல்ல கைக்கு உறை போட்டுவிட்டு, தளர்ந்த கையிடம் தினமும் மணிக்கணக்கில் வேலை வாங்குவார்கள். மணிக்கட்டிலும் விரல்களிலும் கொஞ்சமாவது அசைவு மிச்சமிருப்பவர்களுக்குத்தான் இது பொருந்தும். 222 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2006இல் வெளிவந்தது. இரண்டு வாரச் சிகிச்சைதான், ஆனால் ஒரு வருடம் கழித்தும் பலன் நிலைத்திருந்தது.

சரி, அப்பா கதைக்கு வருகிறேன். முதல் சில நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். அப்புறம் ஒரு காலையில் வலது கையில் சீப்பைப் பிடித்தார். கை தலைவரை எழும்பவில்லை. சற்று யோசித்துவிட்டு முழங்கையை மேசையில் ஊன்றி, தலையைச் சீப்பிடம் கொண்டுபோனார்! சட்டம் பேசியே வாழ்ந்த மனிதர், அதுவும் இந்த வயதில். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இனி உன் மகள் விஷயம். “நான் திறந்த மனதோடுதான் கேட்டேன், ஆனால் வேலையை விட்டுவிட்டு மறுபடி படிப்பதெல்லாம் நடக்காத காரியம்” என்று எழுதியிருக்கிறாய். அடியே, ஒரே வரியில் இரண்டையும் எப்படி எழுதினாய்? நீ பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கவலையாக இருக்கிறது.

2008இல் வெளிவந்த ஒரு சதுரங்க ஆய்வைக் கேள். பிலாலிச் என்பவரும் அவரோடு இருவரும் செய்தது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் முன்னால் ஒரு நிலையை வைத்து, மிகக் குறைந்த நகர்வுகளில் வெல்லச் சொன்னார்கள். அதில் எல்லோருக்கும் பழக்கமான ஐந்து நகர்வு வழி ஒன்று உண்டு. அதிகம் பேர் அறியாத மூன்று நகர்வு வழியும் உண்டு. பழக்கமானதைச் சட்டென்று கண்டுபிடித்துவிட்டு, “இதைவிடக் குறுகிய வழியைத் தேடுகிறேன்” என்று சொன்னார்கள். மனதாரத்தான் சொன்னார்கள். ஆனால் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தால், பழைய வழியின் கட்டங்களையே அது திரும்பத் திரும்பச் சுற்றியது. அதே திறமையுள்ள வேறு ஆட்டக்காரர்களுக்குப் பழைய வழி பலிக்காதபடி நிலையைச் சற்று மாற்றி வைத்தார்கள். அவர்களுக்குக் குறுகிய வழி தெரிந்துவிட்டது!

உனக்கும் அந்தப் பழைய வழியைக் கொஞ்ச நாள் மறைத்துத்தான் பார்க்க வேண்டும். “இந்த வேலையே அவளுக்குக் கிடைத்திருக்காவிட்டால் இன்று என்ன செய்வோம்?” என்று ஒரு தாளில் எழுது. நிறைய எழுதுவாய், உன்னை எனக்குத் தெரியாதா? அவள் தன் காலில் நிற்க வேண்டும் என்பதுதானே உன் ஆசை? அதை விடாதே, அதில் ஒரு அங்குலம்கூட இறங்காதே. இந்த வேலை அதற்கு ஒரு வழி, அவ்வளவுதான். சம்பளமில்லாத விடுப்பு கிடைக்குமா, வேலையில் இருந்தபடியே ஒரு பாடத்தை மட்டும் படித்துப் பார்க்கலாமா, கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்று அவளிடம் கேட்டாயா? உன் நான்கு பக்கத்தில் அவள் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. எல்லாம் உன் பதில்கள்தான்.

வளைந்து கொடு என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டு என்று நினைத்துக்கொள்ளாதே. உன் அண்ணன் ஜாமீன் கையெழுத்துக் கேட்டபோது நீ மறுத்தாயே, ஊரே உன்னைத் திட்டியது. நான் அன்றும் உன் பக்கம்தான், இன்றும் அப்படித்தான். அன்று நீ கணக்குப் போட்டுப் பார்த்து மறுத்தாய். இன்று கணக்கே போடவில்லை, பயத்தில் மறுக்கிறாய். வருத்தப்படாதே, உன்னிடம் இதை வேறு யார் சொல்வார்கள்?

இந்த ஞாயிற்றுக்கிழமை அவளை உட்கார வைத்து முழுவதையும் சொல்லச் சொல். நடுவில் நீ வாயே திறக்காதே. அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எனக்கு எழுது. உன் கருத்து அதற்கடுத்த கடிதத்தில் வரட்டும்.

என்றும் உன்,
பழைய பெஞ்சுத் தோழி