“சாப்பிடவே மாட்டேங்குது டீச்சர்”

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தைகளின் உணவு பற்றி உங்கள் இதழில் வருவதை விடாமல் படிப்பவள் நான். எந்தக் கீரை நல்லது, எந்தச் சிறுதானியத்தில் என்ன சத்து என்றெல்லாம் எழுதுகிறீர்கள், பயனுள்ளதுதான். ஆனால் திண்டுக்கல் மாவட்டத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கும் என்னிடம் அம்மாக்கள் கேட்பது வேறு. “புள்ள சாப்பிடவே மாட்டேங்குது டீச்சர், என்ன பண்றது?” இதைப் பற்றி யாராவது விரிவாக எழுதினால் தேவலை என்று பல நாளாக நினைத்து, இப்போது நானே எழுதுகிறேன்.

பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தைகளின் அம்மாக்கள்தான் இப்படிக் கேட்கிறார்கள். மூன்று கிலோவில் பிறக்கும் குழந்தை முதல் வயது முடிவதற்குள் ஏறக்குறைய ஒன்பது கிலோ ஆகிவிடும். இரண்டாவது ஆண்டு முழுக்கச் சேர்ந்தே இரண்டு, இரண்டரைக் கிலோதான் கூடும். வளர்ச்சி நிதானத்துக்கு வரும்போது பசியும் குறையத்தான் செய்யும். முன்பு கிண்ணத்தை வழித்துத் தின்ற பிள்ளை இப்போது நாலு வாயோடு முகத்தைத் திருப்பிக்கொள்வது இதனால்தான். மாதாமாதம் எடை போடும்போது வளர்ச்சி அட்டையில் கோடு மேலே போய்க்கொண்டிருந்தால் பயப்பட எதுவும் இல்லை. கோடு படுத்துவிட்டாலோ இறங்கினாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கண்டிப்பாகக் கூட்டிப் போக வேண்டும்.

ஆனால் வீட்டில் அந்தப் பொறுமை இருப்பதில்லை. “என்ன, இப்படி எளச்சுப் போச்சு?” என்று விசேஷ வீட்டில் யாராவது ஒருவர் கேட்டால் போதும், அன்று ராத்திரியே கையில் செல்போன் வந்துவிடும். பாட்டு ஓடும், வாய் திறக்கும், சோறு உள்ளே போகும். கிண்ணம் காலியானதும் அம்மாவுக்கு நிம்மதி. ஆனால் அந்தக் குழந்தைக்குத் தான் என்ன தின்றோம் என்றும் தெரியாது, வயிறு நிரம்பியதும் தெரியாது. பசித்தால் கேட்பது, போதும் என்றால் நிறுத்துவது என்ற பிறவி அறிவை நாமே மழுங்கடிக்கிறோம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம், அதற்குப் பிறகு ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. ‘நாங்களும் நிலாவைக் காட்டித்தானே ஊட்டினோம்’ என்று பாட்டிகள் கேட்பார்கள். நிலாவைக் காட்டியவர் குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே ஊட்டினார். குழந்தை ‘போதும்’ என்று தலையை ஆட்டியபோது அவருக்குத் தெரிந்தது.

வீட்டில் போன் இல்லாமல் வாயே திறக்காது என்று சொல்லப்படும் பிள்ளைகள்தான் எங்கள் மையத்தில் மதியம் பாயில் வரிசையாக உட்கார்ந்து, தக்காளி சாதமோ சாம்பார் சாதமோ தங்கள் கையாலேயே பிசைந்து சாப்பிடுகின்றன. நாங்கள் எந்த வித்தையும் செய்வதில்லை. தட்டில் கொஞ்சமாக வைப்போம், வேண்டுமென்றால் இன்னும் கேட்கலாம். பக்கத்துப் பிள்ளை முட்டையைக் கடிப்பதைப் பார்த்து இந்தப் பிள்ளையும் கடிக்கும். கீரையை முதல் நாள் ஒதுக்கினால் ஒதுக்கட்டும் என்று விடுவோம். திட்டாமல், கெஞ்சாமல், மறுபடி மறுபடி கண்ணில் படும்படி வைத்தால் பல பிள்ளைகள் ஒரு நாள் எடுத்து வாயில் போட்டுப் பார்க்கின்றன. புதுக் காய் பழகுவதற்குப் பத்துத் தடவைகூட ஆகலாம். இரண்டு தடவையோடு ‘இவனுக்குக் கீரை பிடிக்காது’ என்று வீட்டில் முத்திரை குத்திவிடுகிறார்கள்.

என்ன சமைப்பது, எத்தனை மணிக்குக் கொடுப்பது என்பது பெரியவர்கள் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பதைக் குழந்தையிடம் விட்டுவிட வேண்டும். இதைச் செய்ய ஒரு நிபந்தனை உண்டு: குழந்தைக்குப் பசி இருக்க வேண்டும். காலையில் டீயில் நனைத்த பிஸ்கட், பத்து மணிக்குத் தாத்தா வாங்கித் தந்த ஐந்து ரூபாய் பாக்கெட், அப்புறம் ஒரு குச்சி மிட்டாய் என்று போனால் மதியச் சோற்றுக்கு வயிற்றில் இடம் ஏது? அதிலும் அந்த டீ இருக்கிறதே, சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தைக் குழந்தையின் உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். ரத்தசோகைப் பிள்ளைகளைத் தினமும் பார்ப்பதால் இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு வாழைப்பழம், ஒரு கொய்யா, வேகவைத்த கடலை. வேலை அதிகமில்லை.

அடுத்து டப்பா. குழந்தை இளைத்துவிட்டது என்ற பயத்தில் நூறு நாள் வேலைக் காசில்கூட மால்ட் பவுடர் வாங்குகிறார்கள். டப்பாவின் பின்பக்கம் சர்க்கரை எத்தனை கிராம் என்று பார்த்து நான்கால் வகுத்தால், எத்தனை டீஸ்பூன் என்று தெரிந்துவிடும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஆரோக்கிய பானம்’ என்று ஒரு வகையே இல்லை. அந்தத் தலைப்பில் இவற்றை விற்காதீர்கள் என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே சொன்னது. கோதுமை, கேழ்வரகு, கடலைப் பருப்பு, வெல்லமெல்லாம் சேர்த்து அதே வீட்டுக்கு நாங்கள் இலவசமாகக் கொடுக்கும் சத்துமாவு சில இடங்களில் மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. நெய் விட்டு உருண்டை பிடித்தோ, அடையாகத் தட்டியோ கொடுத்தால் பிள்ளைகள் விரும்பியே சாப்பிடுகின்றன.

இதையெல்லாம் அம்மாக்களின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. மில்லில் ஷிப்ட் முடித்து வந்து, சமைத்து, துணி துவைக்க வேண்டிய ஒருத்திக்குப் போன் பத்து நிமிட மூச்சு. அப்பாக்களைத்தான் கேட்கிறேன். ராத்திரி ஒரு வேளையாவது டிவியை நிறுத்திவிட்டுப் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நீங்கள் பொரியலை ஒதுக்கினால் உங்கள் மகனும் ஒதுக்குவான். கடைக்குப் போய்வரும்போது மிக்சருக்குப் பதில் பழம் வாங்கி வருவதும் உங்களால் முடியும்.

குடும்பங்களால் தனியாக முடியாத ஒன்றும் உண்டு. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. எங்கள் பக்கத்தில் பள்ளி வாசலை ஒட்டியே பாக்கெட் சரம் தொங்குகிறது. அந்தப் பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்பதும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதுமாம், தமிழ் கட்டாயமில்லை. தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த அம்மாக்கள் என்னிடம் பாக்கெட்டை நீட்டி, “இதுல என்ன போட்டிருக்கு?” என்று கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் விற்கும் பாக்கெட்டில் சர்க்கரை, உப்பு, எண்ணெய் அளவு தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் இருக்க வேண்டும் என்று உங்கள் இதழ் தொடர்ந்து எழுத வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

— ஓர் அங்கன்வாடிப் பணியாளர்,
திண்டுக்கல் மாவட்டம்