முதல் கிளாஸைப் பார்த்துச் சரிபார்க்கும் மானிட்டரிங் நடத்தாமல் இழுத்தடித்துவிட்டு மறுபடியும் பணம் கேட்பது குறித்துப் புகார்

அனுப்புநர்: பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்பு) இன்ஸ்ட்ரக்டர் பேட்ச் மாணவி, திருப்பூர்.

பெறுநர்: மேலாளர், முதலுதவி மற்றும் சிபிஆர் பயிற்சி மையம், சென்னை.

பொருள்: கிளாஸ் எடுப்பதற்கான இன்ஸ்ட்ரக்டர் கார்டு தராதது, நான் கட்டிய கட்டணத்தைத் திருப்பிக் கேட்பது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். இதே விஷயத்தை உங்கள் மெயிலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் ஆபீஸ் நம்பருக்கும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவர் போனை எடுக்கிறார், முதலிலிருந்து எல்லாம் கேட்கிறார், "செக் பண்ணிட்டுக் கூப்பிடுறோம் மேடம்" என்று வைத்துவிடுகிறார். ஒருவரும் கூப்பிடுவதில்லை. அதனால்தான் நேராக உங்களுக்கு எழுதுகிறேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

விதி உங்களுக்குத் தெரியாதது இல்லை. இன்ஸ்ட்ரக்டர் கோர்ஸ் முடித்து ஆறு மாதத்துக்குள் முதல் கிளாஸ் எடுக்க வேண்டும், அதை ஃபேகல்ட்டி (மூத்த பயிற்சியாளர்) ஒருவர் கூட இருந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம்தான் கார்டு. பிஎல்எஸ் செய்யத் தெரியும் என்பதற்கான ப்ரொவைடர் கார்டு, 84 சதவீதம் எடுத்தால்தான் பாஸ் என்கிற தேர்வு, எசென்ஷியல்ஸ் என்கிற ஆன்லைன் பாடம், கிளாஸ்ரூம் என்று நான் செய்ய வேண்டியது எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். பாக்கி மானிட்டரிங் மட்டும். அதற்கு ஆளை அனுப்ப வேண்டியது உங்கள் பொறுப்பு. ஆறு மாதமும் இழுத்தடித்துவிட்டு இப்போது, "காலக்கெடு முடிந்துவிட்டது, கோர்ஸுக்கு மீண்டும் பதிவு செய்யவும், கட்டணம் ரூ. 28,000" என்று மெயில் அனுப்பியிருக்கிறீர்கள். மனசாட்சியோடுதான் அனுப்பினீர்களா?

நான் பதினோரு வருடம் தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். இங்கே பனியன் கம்பெனிகளில் ஒரே கூரைக்குக் கீழே நூற்றுக்கணக்கில் ஆட்கள் வேலை செய்கிறார்கள். ஒருவர் மயங்கி விழுந்தால் சோடா தெளிப்பார்கள், கையில் சாவியைக் கொடுப்பார்கள். மார்பில் கை வைக்க ஒருவருக்கும் தைரியம் வராது. இதயம் நின்ற பிறகு, மார்பை அழுத்திச் செய்கிற சிபிஆர் இல்லாமல் கழிகிற ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது என்று உங்கள் கிளாஸிலேயே சொல்லிக்கொடுத்தீர்கள். 108 வந்து சேர்வதற்குள் எத்தனை நிமிடம் போய்விடும்! அதற்காகத்தான் நைட் டியூட்டியை விட்டுவிட்டு இந்தக் கோர்ஸில் சேர்ந்தேன். பொழுதுபோக்குக்குச் சேரவில்லை.

சென்னைக்கு வரச் சொன்னீர்களே, அதைத்தான் என்னால் மறக்கவே முடியவில்லை. "ஞாயிற்றுக்கிழமை எங்க சென்டர்லயே பேட்ச் இருக்கு, நீங்க கிளாஸ் எடுங்க, ஃபேகல்ட்டி பார்த்துச் சைன் பண்ணிருவார்" என்று உங்கள் ஆபீஸில்தான் சொன்னார்கள். சேரன் எக்ஸ்பிரஸில் படுக்கை கிடைக்காமல் உட்கார்ந்தே வந்தேன். பாடத்திட்டம், செக்லிஸ்ட் எல்லாம் பிரின்ட் எடுத்து வைத்திருந்தேன். ஒன்பது மணிக்கு உங்கள் வாசலில் நின்றால், ரிசப்ஷனில் இருந்த பெண், "சார் இன்னைக்கு வரலையே, குரூப்ல போட்டோமே" என்கிறார். என்னை எந்தக் குரூப்பிலும் நீங்கள் சேர்க்கவில்லை. போனைத் திறந்து அவரிடமே காட்டினேன். அதற்கு, "சரி, வந்தது வந்துட்டீங்க, மேனிக்கினை எல்லாம் துடைச்சு வைங்க, பத்து மணி பேட்ச்சுக்கு ஆகும்" என்றார். ராத்திரி முழுவதும் கண் மூடாமல் வந்தவளிடம் பேசுகிற பேச்சா இது?

துடைத்தேன். சிபிஆர் பழகுகிற அந்தப் பொம்மைகளை ஒன்றும் பேசாமல் துடைத்தேன். அப்போதுதான் பார்த்தேன், ஒரு மேனிக்கினில் லைட்டே எரியவில்லை. பின்னால் மூடியைத் திறந்தால் பேட்டரி கசிந்து பச்சைப் பூத்திருக்கிறது. இன்னொன்றின் மார்பை அழுத்தினால் முழுதாக மேலே எழும்பாமல் பாதியிலேயே நிற்கிறது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஆழம் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, ஆறைத் தாண்டக் கூடாது, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் மார்பு முழுதாக எழும்ப விட வேண்டும். இதைக் காட்டத்தானே அந்த லைட்டு? 2019இலிருந்தே ஃபீட்பேக் கருவி கட்டாயம் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவர்களே நீங்கள்தான். மூன்று பேருக்கு ஒரு மேனிக்கின் என்று விதி இருக்க, அன்று பேட்ச்சுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே மேனிக்கினைச் சுற்றி வரிசையில் நின்றார்கள். சுவரில் தொங்கிய சார்ட்டில் தொண்டையில் அடைத்தால் வயிற்றை அழுத்துவது மட்டும்தான் இருக்கிறது. 2025 அக்டோபரில் வந்த புதிய வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கும் முதலில் முதுகில் ஐந்து தட்டு, அப்புறம் வயிற்றில் ஐந்து அழுத்தம் என்று மாற்றிவிட்டார்கள். இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கட்டணத்துக்கு வருகிறேன். சேரும்போது "கார்டு கைக்கு வரும் வரை எல்லாம் இதில் அடக்கம்" என்று உங்கள் மார்க்கெட்டிங் ஆள் அனுப்பிய மெசேஜ் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று தனியாக வாங்கினீர்கள். ஜிஎஸ்டி பில் இன்று வரை வரவில்லை.

இந்த ஊரிலேயே மானிட்டரிங் வைத்துக்கொள்ளலாம் என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். அதை நம்பி ஒரு மில்லில் எச்ஆரிடம் கெஞ்சி ஹால் வாங்கினேன். ஷிஃப்ட் நேரத்தில் தையல் லைனிலிருந்து ஆட்களை விடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியாது. உற்பத்தி நின்றால் சூப்பர்வைசர் சும்மா விடமாட்டார். எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு, "ஃபேகல்ட்டி வெளியூர்ல இருக்கார்" என்று ஒரு மெசேஜ். அந்த எச்ஆர் இன்று என் போனையே எடுப்பதில்லை. திருப்பூரில் இனி எந்த மில் வாசலையும் நான் மிதிக்க முடியாது. என் பெயரும் பிழைப்பும் உங்களால் மொத்தமாக நாசமாகிவிட்டன.

அப்புறம் உங்கள் சப்போர்ட் லைனில் பேசுகிற அந்த ஆள். பெயர் கேட்டால் சொல்லமாட்டார். மில் கிளாஸ் கெட்டுப்போன அன்று சாயங்காலம் அவரிடம் அழாத குறையாகப் பேசினேன். "ஏன் மேடம் இவ்வளவு டென்ஷன்? கார்டு வெறும் பேப்பர்தானே. கார்டு இல்லாமலே எத்தனையோ பேர் கிளாஸ் எடுத்துட்டு இருக்காங்க, நீங்களும் எடுங்க, சர்டிஃபிகேட் நாங்க அடிச்சுத் தர்றோம்" என்றார். ஐயா, இது உங்களுக்குத் தெரிந்து நடக்கிறதா, தெரியாமல் நடக்கிறதா? தப்பாகச் சொல்லிக்கொடுத்து, அதை நம்பி ஒருவர் தப்பாக அழுத்தி, ஒரு உயிர் போனால் யார் பதில் சொல்வது? நான் மறுத்ததும், "நர்ஸம்மாவுக்கு இதெல்லாம் எதுக்கு, ஊசி போட்டுட்டு இருக்க வேண்டியதுதானே" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது. அவர் என்னிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உங்கள் கிளாஸ்ரூமில் பாடம் எடுத்த டாக்டர் நல்ல மனிதர், நன்றாகச் சொல்லிக்கொடுத்தார். அதை மறுக்கவில்லை. அந்த மரியாதைக்காகத்தான் இவ்வளவு நாள் பொறுத்தேன்.

நான் கேட்பது இதுதான். தாமதம் உங்கள் பக்கம் என்று ஒப்புக்கொண்டு, ஒரு பைசா வாங்காமல் திருப்பூரிலேயே ஃபேகல்ட்டியை வைத்து மானிட்டரிங் முடித்துக் கார்டு தாருங்கள். காலக்கெடு தாண்டியதால் கோர்ஸைத் திரும்பச் செய்துதான் ஆக வேண்டும் என்றால் அதன் செலவு முழுவதும் உங்களுடையது. முடியாது என்றால் கட்டிய பணம், சென்னை வந்துபோன செலவு, மில்லில் ஹாலுக்கும் டீக்கும் ஆன செலவு எல்லாவற்றையும் திருப்பித் தாருங்கள். கடிதம் கிடைத்துப் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். போனில் வேண்டாம்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அதற்குச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. இந்தத் தொகைக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. உங்கள் ஆள் சர்டிஃபிகேட் அடித்துத் தருவதாகச் சொன்ன போன் பதிவையும் பேட்டரி கசிந்த மேனிக்கினின் போட்டோவையும் உங்களுக்கு அங்கீகாரம் கொடுத்தவர்களுக்கே அனுப்புவேன். அந்த நிலைக்கு என்னைத் தள்ள வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பிஎல்எஸ் இன்ஸ்ட்ரக்டர் பேட்ச் மாணவி,
திருப்பூர்.

இணைப்பு: பணம் கட்டிய ரசீது நகல், வாட்ஸ்அப் மெசேஜ்களின் நகல், ரயில் டிக்கெட் நகல், மேனிக்கின் போட்டோக்கள்.