பில் அச்சிடும் லைப்ரரியின் லைசென்ஸைச் சொல்லாமல் மாற்றியது குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர்

ஐயா / அம்மா,

ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் போட்டுத் தருகிறோம். மூன்று பேர், 42 கடைகள். பில் அச்சடிக்க ஆறு வருடமாக எங்கள் மென்பொருளுக்குள் ஓடுவது, நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும் உங்கள் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிதான்.

போன மாதம் வழக்கம்போல 3.4-லிருந்து 3.5-க்கு அப்டேட் போட்டோம். மாற்றப் பட்டியலின் ஒன்பதாவது வரி, "லைசென்ஸ் கோப்பு புதுப்பிக்கப்பட்டது." அவ்வளவுதான். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்ற அப்பாச்சி 2.0 லைசென்ஸ் போய் உங்கள் சொந்த வணிக லைசென்ஸ் வந்திருப்பது, கடைக்கு இவ்வளவு என்று உங்கள் விற்பனைப் பிரிவு மெயில் அனுப்பிய பிறகுதான் தெரிந்தது.

அந்த விலைப்பட்டியலில் 'தமிழ் அச்சு வசதி'க்குத் தனிக் கட்டணம் போட்டிருக்கிறீர்கள். அதை எழுதியவன் நான். 2021-ல் 'சேலை' என்று அடித்தால் கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். "தம்பி, சேலை கிழிஞ்சு வந்திருக்கு" என்று ஒரு கடைக்காரர் பில்லை நீட்டினார். எழுத்துகளைச் சரியான வரிசையில் அமைக்கும் ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருளை இணைத்து, இரண்டு வாரம் ராத்திரி உட்கார்ந்து சரிசெய்து, உங்களுக்கே அந்தத் திருத்த நிரலை (பேட்ச்) அனுப்பினேன். வெளியார் தரும் நிரலுக்கான உங்கள் பங்களிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டேன். லைசென்ஸை மாற்றும் உரிமை அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. சட்டத்தை வைத்து நான் சண்டைக்கு வரவில்லை. சொல்லாமல் செய்ததற்குத்தான் வருகிறேன்.

உங்களுக்கு முன்னால் லைசென்ஸ் மாற்றிய பெரிய கம்பெனிகள் இப்படி ஒளித்துச் செய்யவில்லை. டேட்டாபேஸ் கம்பெனி மோங்கோடிபி 2018-லும் தேடல் மென்பொருள் கம்பெனி எலாஸ்டிக் 2021-லும், தங்கள் மென்பொருளை இணையச் சேவையாக விற்கும் அமேசான் போன்ற கிளவுட் கம்பெனிகளைக் காரணம் காட்டி வெளிப்படையாக அறிவித்தே மாற்றின. டெராஃபார்ம் மென்பொருளின் ஹாஷிகார்ப் கம்பெனி 2023 ஆகஸ்ட்டில் மாற்றியபோது, பழைய பதிப்புகளுக்கு அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை பாதுகாப்புத் திருத்தம் உண்டு என்றது. அதற்கே திட்டு வாங்கியது; டெராஃபார்மின் பழைய நிரலை எடுத்து மற்றவர்கள் ஓப்பன்டோஃபு என்று தனிக் கிளை பிரித்தார்கள். டேட்டாபேஸ் மென்பொருளான ரெடிஸ் 2024 மார்ச் 20-ல் அறிவித்தது. எட்டே நாளில் ஓப்பன் சோர்ஸ் அமைப்பான லினக்ஸ் ஃபவுண்டேஷனில் வால்கீ என்ற அதன் கிளை பிறந்துவிட்டது. அடுத்த வருடம் மே மாதம் ரெடிஸே ஏஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸையும் சேர்த்துக்கொண்டது. உங்கள் லைப்ரரியைக் கிளை பிரிக்கும் ஆள்பலம் எங்களுக்கு இல்லை. அமேசானைத் தடுக்கப் போட்ட வேலி என்கிறது உங்கள் மெயில். ஈரோட்டில் நாங்கள் என்ன கிளவுடா விற்கிறோம்?

3.4-ஐ அப்பாச்சியிலேயே தொடர எங்களுக்கு உரிமை உண்டு, அதற்கே திரும்பிவிட்டோம். அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் எந்தத் தேதி வரை வரும் என்று எழுத்தில் வேண்டும். 3.5 ஓடிய 19 நாளுக்கு எங்களுக்கு அனுப்பிய கட்டண பில்லை ரத்து செய்யுங்கள். தமிழ் அச்சுக்கான தனிக் கட்டணத்தை எல்லாருக்குமே எடுத்துவிடுங்கள். எனக்கு மட்டும் சலுகை என்று போன் செய்ய வேண்டாம்.

15 நாளுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையம் பற்றி வக்கீலிடம் பேசுவேன். 2021-ன் பழைய கடை பில், இப்போதைய கடை பில், உங்கள் மெயில் மூன்றின் நகலையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர், ஈரோடு