பூவரச மரத்தடிய திருப்பிக் குடுங்க

எங்க ஊரு நிர்வாகத்துல கையெழுத்து போடுற எடத்துல இருக்குற அதிகாரி ஐயாவுக்கு,

வணக்கம். ஊரு பேரு, ஆபீஸ் பேரு எதையும் நான் இதுல எழுதல, படிக்க ஆரம்பிச்சதுமே உங்களுக்குத் தெரிஞ்சிரும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி பூவரச மரத்தடியில நின்ன எட்டு தள்ளுவண்டியையும் ஒரே காலையில குப்பை லாரி வச்சு தூக்குனீங்களே, அதப் பத்திதான். ரெண்டு தடவ மனு குடுத்தோம், சீல் குத்தி வாங்கிக்கிட்டாங்க, அதோட சரி.

கேக்குறது ஒண்ணுதான் ஐயா. அந்த எட்டு வண்டியையும் பழையபடி மரத்தடியில நிக்க விடுங்க.

நான் அந்தத் தெரு முக்குல ஒரு கடையில பில் போடுறேன். மதியம் சாப்பிட 40 நிமிஷம். காலையில தண்ணி புடிக்கிற நாளா இருந்தா வீட்டுல சோறு கட்டிட்டு வர முடியாது, அப்பல்லாம் எனக்கு மரத்தடிதான். எனக்கு மட்டும் இல்ல, ஜவுளிக்கடையில வேல பாக்குற புள்ளைங்க, மருந்துக்கடை தம்பி, கோர்ட்டுக்கு வந்துட்டு கைல பைலோட நிக்கிற கிராமத்து ஆளுங்க, எல்லாருக்கும். ஜவுளிக்கடை புள்ளைங்க காலையில இருந்து நின்ன கால்தான். கடையில வேல பாக்குறவங்களுக்கு உக்கார ஸ்டூல் போடணும்னு 2021லயே நம்ம தமிழ்நாட்டுல சட்டம் வந்துருச்சு, ஸ்டூலும் வந்துருச்சு, உக்காரத்தான் யாருக்கும் நேரமில்ல. அந்தப் புள்ளைங்க ஒரு நாள்ல நிம்மதியா உக்காருறது மரத்தச் சுத்திக் கட்டுன திண்டுல மட்டுந்தான். பொம்பளப் புள்ளைங்க தனியா போய் உக்காந்து சாப்பிட நம்ம ஊர்ல வேற எடம் எதுன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க, ரெண்டு ஹோட்டல் இருக்கு, ஒண்ணு பாருக்குப் பக்கத்துல, இன்னொண்ணுல மீன் சாப்பாடு வெலைய போர்டுல பாத்துட்டே திரும்பிரலாம்.

மீன்சோத்து அக்கா வண்டியில 70 ரூவா. அன்னைக்கு கரைக்கு என்ன வந்துச்சோ அதுதான் குழம்பு, சூடை வந்தா சூடை, நகரை வந்தா நகரை, கணவாய் வந்த அன்னைக்கு 1 மணிக்கே காலி. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலத்துல விசைப்படகு போகாது, நாட்டுப்படகு மீன்தான், வெல ஏறிக் கெடக்கும், அப்ப அக்கா கருவாட்டுக் குழம்புக்கு மாறிரும், ஆனா தட்டு வெலைய ஏத்தாது. "நீ குடுக்குற காசுக்கு நா பாறை மீனா வாங்க முடியும் பாப்பா, கருவாட்டத் தின்னுட்டுப் போ"ன்னு சிரிக்கும். தொட்டுக்க நம்ம ஊரு குண்டு மிளகாய கிள்ளிப் போட்டு அரைச்ச துவையல் ஒண்ணு வைக்கும். இந்த மிளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடு வந்தப்ப எல்லா ஆபீசுலயும் பெருமையா பேசுனாங்க, அத அரைக்கிற கைதான் இப்ப எங்க நிக்கிறதுன்னு தெரியாம நிக்குது.

வண்டிங்களுக்கு மாற்று எடம் குடுத்துட்டோம்னு உங்க ஆபீஸ்ல சொல்றாங்க. குடுத்தீங்க, இல்லைன்னு சொல்லல. போன வாரம் லீவு போட்டுட்டு நானும் ஜவுளிக்கடை புள்ளை ஒண்ணும் போய்ப் பாத்தோம். பைபாசத் தாண்டி, சீமைக்கருவேலத்த வெட்டி விட்ட பொட்டல். ஷேர் ஆட்டோவுல போக பத்து நிமிஷம், வர பத்து நிமிஷம், ஆட்டோ நெறையுற வரைக்கும் காத்து நிக்கிறது தனி, அப்புறம் எனக்கு மிச்சம் இருக்குற நேரத்துல சோத்த மோந்து பாக்கலாம். நிழல்னு சொல்ல ஒரு கம்பம் கூட இல்ல. தண்ணிக் குழாய் கெடையாது, அக்கா குடம் பத்து ரூவான்னு ஆறு குடம் வெலைக்கு வாங்கி வச்சிருக்கு, தட்டு கழுவவே பத்தாது. அத விடுங்க, காத்து. கடலோரத்துக்காரங்க நமக்கு காத்து புதுசில்ல, ஆனா மரமும் செவுரும் இல்லாத பொட்டல்ல அடிக்கிற காத்து வேற. அக்கா சோத்துப் பானைய தெறந்து ஒரு கரண்டி எடுத்து மூடுறதுக்குள்ள மண்ணு. நாங்க முந்தானைய, துப்பட்டாவ வச்சு தட்ட மறைச்சுக்கிட்டு தின்னோம், அப்பவும் ஒவ்வொரு வாய்க்கும் நறநறன்னு பல்லுல கடிபடுது. கூட வந்த புள்ளை பாதியில எந்திரிச்சுருச்சு. அக்கா காசு வாங்க மாட்டேன்னுருச்சு. "மண்ணு சோத்துக்கு எப்படிக் காசு வாங்குறது"ன்னு மூஞ்சத் திருப்பிக்கிட்டு சொன்னுச்சு. அன்னைக்கு அங்க மொத்தமே பதினோரு பேருதான் சாப்பிட வந்தாங்களாம், நாங்க ரெண்டு பேரையும் சேத்து.

ஜவுளிக்கடை புள்ளைங்க இப்ப மதியம் டீயும் பன்னும்.

தெருவோர வியாபாரிகளுக்குன்னு 2014ல மத்திய அரசு போட்ட சட்டம் உங்க அலமாரியில இல்லாமலா இருக்கும். கணக்கெடுப்பு முடிச்சு சர்டிபிகேட் குடுக்குற வரைக்கும் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது, எடம் மாத்துறதுன்னாலும் 30 நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும், முடிவெடுக்குற நகர விற்பனைக் குழுவுல நூத்துக்கு 40 பேராவது வியாபாரிங்களே இருக்கணும், அதுலயும் மூணுல ஒரு பங்கு பொம்பளைங்க, அப்படின்னு இருக்கு. நம்ம ஊர்ல அந்தக் குழு எப்ப கூடுச்சு? எட்டு வண்டிக்காரங்கள்ல ஒருத்தருக்கும் தெரியல. நோட்டீஸ் வந்ததா கேட்டா, "லாரி வந்துச்சு பாப்பா"ங்குறாங்க. ஆளுங்க வழக்கமா கூடுற சந்தை 50 வருசத்துக்கு மேல நடந்தா அத பாரம்பரியச் சந்தைன்னு அறிவிக்கணும்னு கூட அதே சட்டத்துல இருக்கு. மரத்தடியில மொதல்ல இட்லிக்கடை போட்ட பாட்டியோட பேரன்தான் இப்ப அங்க சர்பத் வண்டி போட்டிருந்தது, வருசத்த நீங்களே கூட்டிப் பாத்துக்கங்க.

எடுத்த எடத்துல என்ன வச்சீங்கன்னும் பாத்தோம். செல்ஃபி பாயிண்ட். கலர் எழுத்து, கீழ பன்னெண்டு பூந்தொட்டி. தொட்டிக்கு ஊத்த தண்ணி இல்லாம எல்லாம் காஞ்சு கெடக்கு, குடிக்கவே தண்ணி இல்லாத ஊர்ல பூந்தொட்டி வச்ச யோசனை யாரோடதுன்னு தெரிஞ்சா ஒரு கும்பிடு போடலாம். அந்த வெயில்ல யாரும் செல்ஃபியும் எடுக்கல, ஒரு நாய் மட்டும் எழுத்தோட நிழல்ல படுத்திருக்கு. பாம்பன்ல கப்பலுக்கு வழி விடணும்னு ரயில் பாலத்துல 72.5 மீட்டர் நீளத் துண்டையே தண்டவாளத்தோட மேல தூக்குறாங்க ஐயா, எங்க தெருவுல நாலடி தள்ளுவண்டிக்கு வழி இல்லையாம், போக்குவரத்துக்கு எடைஞ்சலாம். எடைஞ்சல்னா, பெரிய கடைக்காரங்க பிளாட்பாரத்துல எறக்கி வச்சிருக்குற போர்டும் ஜெனரேட்டரும் உங்க லாரிக்காரங்க கண்ணுல படவே இல்லையே, அது என்ன கண்ணு?

ஞாயித்துக்கிழமை ஆனா நானும் ரெண்டு பேரும் பஸ் ஏறி எங்கயாவது தின்னப் போறது வழக்கம், அதனால சொல்றேன். கீழக்கரையில தேங்காப்பாலு, அரிசிமாவு, கருப்பட்டி போட்டு மணிக்கணக்குல கிண்டுன தொதல்ங்குற அல்வாவ வாங்கித் தின்னுக்கிட்டே சந்து சந்தா சுத்துவோம், தேவிபட்டினத்துல கடலுக்குள்ள இருக்குற நவபாஷாணம்ங்குற நவகிரகக் கல்லுங்கள சுத்திட்டு வந்து சுண்டல், தனுஷ்கோடி ரோட்டுல குடிசைக்கடை மீன் வறுவல். 1964 புயல் தொடச்சுட்டுப் போன எடத்துலயே ஒரு அக்கா கொட்டாயப் போட்டு அடுப்பு மூட்டி மீன் பொரிக்குது. வெளியூர்க்காரங்க அங்க எறங்கி போட்டோ எடுத்து, ராம்நாடு கடற்கரைன்னா சாப்பாடுதான்னு எழுதுறாங்க. எங்க ஊர்ல எறங்குனா என்னத்தக் காட்டுறது, பூந்தொட்டியையா.

கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிச்சுக்கங்க. கேக்க வந்தது அதேதான். எட்டு வண்டியும் மரத்தடிக்குத் திரும்ப வரட்டும். நேரம் வச்சுக்கங்க, கோடு போட்டுக் குடுங்க, குப்பைக்கு மாசம் ஒரு தொகை வாங்கிக்கங்க, எல்லாத்துக்கும் அவங்க சம்மதம்னு மனுவுலயே கையெழுத்து போட்டிருக்காங்க. மரத்தடி முடியவே முடியாதுன்னா, நடந்து போற தூரத்துல, நிழலும் ஒரு குழாயும் இருக்குற எடமா தயவு பண்ணி காட்டுங்க. பொட்டல் வேணாம்.

அப்புறம் இன்னொண்ணு. அன்னைக்கு லாரியில ஏத்துன சாமான்ல அக்காவோட மீன் பொரிக்கிற இரும்புக்கல்லும் போயிருச்சு. பதினோரு வருசம் பழகுன கல்லு, மசாலா ஒட்டாது, இரவல் கல்லுல இப்ப எல்லாம் பிஞ்சு பிஞ்சு வருது. புடிச்ச சாமான் கெட்டுப்போற பொருளா இருந்தா கேட்ட அன்னைக்கே, கெடாத பொருளா இருந்தா கேட்டு ரெண்டு வேலை நாள்ல திருப்பிக் குடுக்கணும்னு அதே சட்டத்துல இருக்கு. அக்கா வந்து கேட்டு இன்னைக்கோட பதினேழு நாள் ஆச்சு. கல்லு உங்க ஆபீசுக்குப் பின்னாடி ஷெட்டுல, பழைய டயருக்கு மேல கெடக்கு, ஜன்னல் வழியா நானே பாத்தேன்.

அன்னைக்குப் போன ரெண்டு சட்டி மீன் கொழம்ப அக்கா கேக்கல. கல்ல மட்டும் குடுத்தனுப்புங்க.

இப்படிக்கு,
மரத்தடியில சாப்பிட்டவள்