உங்க நைனாவுக்கு அந்த ஊசி வேண்டாம்

அன்புள்ள ரேவதி,

இங்கே எல்லோரும் நலம். மழை நன்றாகப் பெய்தது, மோர்தானா அணை நிரம்பிவிட்டது. சரோஜாவுக்கு மறுபடியும் பெண் குழந்தை. மாமியார்க்காரி மூஞ்சியை நீயே கற்பனை செய்துகொள். மற்ற ஊர்க்கதையெல்லாம் அப்புறம். இதைப் போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிட்டு உங்க நைனாவைக் கூப்பிட்டுக் கத்துவாய். எட்டாம் வகுப்பிலிருந்து உன்னைத் தெரியாதா எனக்கு? அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரைக்கும் படி, அப்புறம் போனை எடு.

வைகாசியில் கங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு நீ வந்தபோது உங்க நைனா வாசற்படி ஏறவே சுவரைப் பிடித்தாரே, நினைவிருக்கிறதா? இப்போது சந்தைக்கு நடந்தே போகிறார். தெருவே மெச்சுகிறது. நானும் முதலில் சந்தோஷப்பட்டேன். போன வாரம் கிட்டத்தில் நின்று பேசினபோதுதான் பார்த்தேன். முகம் வட்டமாக உப்பி, கன்னம் பளபளவென்று இருக்கிறது. கைகள் மட்டும் மெலிந்திருக்கின்றன. முழங்கைக்குக் கீழே கருநீலத் திட்டுகள். எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லையாம், தானாகவே வருகிறதாம். "முட்டி வலி போயே போச்சு பாப்பா, அந்த டாக்டர் கைராசி" என்றார். வாரா வாரம் ஒரு ஊசி, கூடவே காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் சின்ன வெள்ளை மாத்திரை. அட்டையும் கிடையாது, பேரும் கிடையாது, சீட்டும் கிடையாது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண், சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது என்று சொன்னாளாம். அதையும் அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எனக்கு மனசு ஆறவில்லை. கே.வி.குப்பம் போகும் வழியில் புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரு டாக்டர் ஜோடி இருக்கிறார்கள் என்று சொன்னேனே, அவர்களிடம் போய்க் கேட்டேன். ஆளைப் பார்க்காமல் எதுவும் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்றுதான் அந்த அம்மா ஆரம்பித்தார். ஆனால் நான் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் ஸ்டீராய்டாக இருக்கலாம் என்றார். அது வீக்கத்தைச் சட்டென்று அடக்கிவிடுமாம். வலி போய்விடும், ஆனால் முட்டித் தேய்மானம் அப்படியேதான் இருக்கும். மாதக்கணக்கில் போனால் சர்க்கரையும் பிரஷரும் ஏறும், எலும்பு பலமிழக்கும், தோல் மெலிந்து லேசாகத் தொட்டாலே கன்றிப்போகும். இவ்வளவையும் பொறுமையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் சொன்னதுதான் என்னைப் பயமுறுத்தியது. திடீரென்று நிறுத்தவும் கூடாதாம். வெளியிலிருந்து மருந்து வந்துகொண்டே இருந்தால் உடம்பு தன் பங்குக்கு ஸ்டீராய்டு சுரப்பதை நிறுத்திவிடுகிறது. சடாரென்று விட்டால் வாந்தி, மயக்கம், பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்து வரலாம். டாக்டர் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். ஆகையால், "அந்தச் சனியனைத் தூக்கிப் போடு" என்று மட்டும் நீ சொல்லிவிடாதே. உன் வாயில் முதலில் வருவது அதுதான்.

அவர்கள் என்ன பெரிய டாக்டர்கள், ஊசி கூடப் போடமாட்டார்களாமே என்று உங்க அண்ணன் கேட்பார். எங்கள் தெருவிலும் அதே பேச்சுதான். ஊசி போடாவிட்டால் வைத்தியமே இல்லை நம் ஜனங்களுக்கு. அங்கே ஸ்கேன் கிடையாது, உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போய்விடும், ஞாயிற்றுக்கிழமை கதவு பூட்டியிருக்கும். அந்தக் குறையெல்லாம் எனக்கும் உண்டு. ஆனால் எங்க அத்தைக்கு நடந்ததைக் கேள்.

சர்க்கரை மாத்திரைக்குத்தான் அழைத்துப்போனேன். அந்த அம்மா செருப்பைக் கழற்றச் சொன்னார். அத்தைக்கு ஒரே வெட்கம், டாக்டர் காலைத் தொடுவதா என்று. கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டு, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டார். குதிகாலிலும் கட்டைவிரல் அடியிலும் அத்தைக்கு ஒன்றுமே தெரியவில்லை. பிறகு செருப்பையே கையில் எடுத்து உள்ளே விரலை விட்டுத் தடவினார். அடியிலிருந்து ஒரு ஆணி முனை மேலே நீட்டிக்கொண்டிருந்தது. குதிகாலில் புண். எத்தனை நாளாக அதன்மேல் நடந்தாரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்! இத்தனை வருஷமாக எத்தனையோ இடத்தில் காசு கட்டினோம், ஒருத்தரும் காலைப் பார்த்ததில்லை ரேவதி. புண் ஆறிவிட்டது. விரலை எடுத்துவிட்டு வந்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்களே, அவர்களை நினைத்துப் பார்.

வீட்டுக்கு ஒரு ஃபைல் வைத்திருக்கிறார்கள். மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது அதில் இருப்பதால் என் வீட்டுக்காரர் பிரஷரை விடாமல் துரத்துகிறார்கள். தங்களால் முடியாததை முடியாது என்று சொல்லி, வேலூருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறார்கள். திரும்பி வந்ததும் என்ன சொன்னார்கள் என்று கேட்கிறார்கள். நார்வேயில் 2021-ல் ஒரு ஆய்வு வெளியானதாம், நர்ஸிங் படிக்கும் என் பெண் சொன்னாள். ஒரே குடும்ப டாக்டரிடம் 15 வருஷத்துக்கு மேல் போகிறவர்கள் இறக்கும் வாய்ப்பு, ஒரு வருஷம் மட்டும் பழகினவர்களைவிடச் சுமார் 25 சதவீதம் குறைவாம். அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாதாம், இருந்தாலும் எனக்கு ஆச்சரியமாக இல்லை. நம்மை அறிந்தவர் கண்ணுக்குத்தானே மாற்றம் படும்? வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மா 1909-லேயே காரில் வந்து இதே குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் நிறுத்தி வைத்தியம் பார்த்தார். அந்தச் சாலையில் இருந்துகொண்டு, பேர் தெரியாத மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. அந்த ஜோடியிடம் கூட்டம் குறைகிறது, ஊசிக்காரர் வாசலில் நிற்க இடமில்லை. இவர்களும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டால் நாம் யாரிடம் போவது?

சரி, நீ செய்ய வேண்டியது இதுதான். உங்க நைனாவிடம் முட்டி வலியைப் பற்றியே பேசாதே, விட்டுக்கொடுக்க மாட்டார். சர்க்கரை ஏறினதற்கு ஒருதரம் காட்டிவிடு, எனக்காக என்று கேள். உன் பேச்சைத் தட்ட மாட்டார். செவ்வாய்க்கிழமை காலையில் நானே ஆட்டோவில் அழைத்துப்போகிறேன். அந்தக் காகிதப் பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக எடுத்துவரச் சொல்; டாக்டர் அம்மா அதைப் பார்க்க வேண்டும் என்றார். அதுவரை மாத்திரையை அவராக நிறுத்த வேண்டாம். இதற்குள் மயக்கமோ வாந்தியோ வந்தால் செவ்வாய் வரை காத்திருக்க மாட்டோம், 108-ஐக் கூப்பிட்டு நேரே வேலூர்தான். உங்க அண்ணனிடம் நீயே பேசிவிடு, என்னால் அவரோடு மல்லுக்கட்ட முடியாது.

பிள்ளைகளுக்கு என் அன்பு.

உன்,
தமயந்தி